பெர்பெத்தாவின் அடுக்களை

கஸ்பார் மிராந்தா எழுதிய புத்தகம் வெளியான ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரைக்கும் ஐந்தேகாலுக்கும் நடுவில் எப்போதோ, அவன் பெண்சாதி பெர்பெத்தாவின் அடுக்களை இல்லாமல் போயிற்று. தீப்பிடிக்கவில்லை, மழையில் ஊறி விழவில்லை, யாரும் கடப்பாரை கொண்டுவந்து இடிக்கவும் இல்லை. கோயில் மண்டபத்தில் நடந்த வெளியீட்டு விழாவில் மூன்றாவது வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், தெருக்கதவைத் திறந்து, கஸ்பார் உட்கார்ந்து எழுதுகிற முன்னறையைக் கடந்து, அடுக்களைக்குள் காலை வைக்கப் போனபோது நெற்றி சுவரில் முட்டியது. நிலை இருந்த இடத்தில் சுவர் இருந்தது. புதுச்சுவர் இல்லை. சுண்ணாம்பு பொரிந்து, மூலையில் ஓதம் ஏறி, எத்தனையோ வருஷமாக அங்கேயே நிற்கிற சுவர்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவளுடைய அடுப்பும் அம்மியும் தண்ணீர்ப் பானையும் அரிசி டிரம்மும் இருந்தன. அவள் படுக்கிற பாயும், சேலைகள் வைத்திருந்த தகரப்பெட்டியும், மாதா படமும், சாம்பிராணித் தட்டும், கல்யாணமான முப்பத்தொரு வருஷமும் அங்கேதான் இருந்தன.

கஸ்பார் தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவன். கம்பெனி இரண்டு தெரு தள்ளி. காலையில் போவான், மத்தியானம் சாப்பிட வருவான், மறுபடி போவான், ஆறு மணிக்குக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்புவான். வந்து முகம் கழுவியதும் முன்னறை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து சின்னச் சின்னத் தாள்களில் எதையோ எழுதி மரப்பெட்டியில் போட்டுப் பூட்டுவான். பேச்சு கிடையாது. குழந்தையும் இல்லை. நெஞ்சுவலியில் அவன் செத்த பிறகு, நாற்பதாம் நாள் பூசை அன்றைக்குத் திருநெல்வேலியிலிருந்து நம்பிராசன் என்ற பேராசிரியர் வந்தார். அவர் நடத்தும் சிற்றிதழுக்கு கஸ்பார் வேறொரு பெயரில் அவ்வப்போது ஒன்றிரண்டு பக்கம் தபாலில் அனுப்பிவந்தானாம், தபால் நின்றுபோனதால் தேடிக்கொண்டு வந்தாராம். பெர்பெத்தா அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பெட்டிச் சாவியையும் கொடுத்தாள். உள்ளே பதினோராயிரத்துச் சொச்சம் துண்டுத்தாள் இருந்தது. அவர் கண் கலங்கிப்போய்ப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஒன்றரை வருஷம் கழித்துப் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

விழாவில் பேசிய ஐந்து பேரும் தனிமை, தனிமை என்றே பேசினார்கள். ஒற்றை அறையில், ஒற்றை ஜன்னலோரத்தில், ஒரு மனுஷ வாடையும் இல்லாமல், ஒருவரும் ஒருவாய்ச் சோறு போடாமல், உலகத்தின் மிகப் பெரிய தனிமையை வாழ்ந்து முடித்தவர் என்றார்கள். பெர்பெத்தா மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஐந்தாவது ஆள் பேசி முடித்து கைதட்டல் எழுந்த நேரத்தில்தான் சுவர் வந்திருக்க வேண்டும் என்று தெருவில் பிற்பாடு கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டு ரோஸ்லிதான் முதலில் வந்து பார்த்தாள். சுவரை உள்ளங்கையால் தடவினாள்.

"மயினி, இங்க இருந்த கதவு எங்க?"

"அதத்தான் நானும் தேடுதேன்."

கொத்தனார் ஆரோக்கியம் வந்து கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். எண்பது வருஷத்துச் சுவர், கடுக்காய்ச் சாறு ஊற்றிக் கட்டியது, ஆணிகூட இறங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். பின்சந்து வழியாகச் சுற்றிப்போய்ப் பார்த்தால் வலைகளைப் போட்டு வைக்கிற கிட்டங்கியின் முதுகு இந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு விரல் நுழைய இடமில்லை. கிட்டங்கிக்காரரைக் கேட்டதற்கு, அவர் தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தான் ஒட்டியிருக்கிறது என்றார். அதை அவர் நம்பிச் சொன்னார், பொய்யாகச் சொல்லவில்லை. 

முதல் வாரம் தெருவே வந்து துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரித்துப் போனது. இரண்டாவது வாரம் ஒருத்தி அலுமினியச் சட்டி கொடுத்தாள், ஒருத்தி இரண்டு பழைய சேலை கொடுத்தாள், ரோஸ்லி தன் அடுப்பில் ஒரு பக்கத்தை ஒதுக்கிக் கொடுத்தாள். மூன்றாவது வாரம் எல்லாருக்கும் பழகிப்போயிற்று. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, ஒத்த ரூமில் இதை எங்கே வைப்பது என்று சிலிண்டரைத் திரும்ப உருட்டிக்கொண்டு போனான். வீட்டு வரிக்காரர் நாடா பிடித்து அளந்து, முன்பு தப்பாக அளந்துவிட்டார்கள் போல என்று ஏட்டில் திருத்திக்கொண்டார். ரேஷன் கடையில் கார்டை நீட்டினால் அதில் ஒரே பெயர்தான் இருந்தது, கஸ்பாரின் பெயர். இறந்தவர் கார்டுக்கு அரிசி கிடையாது என்றார்கள். பெர்பெத்தா பங்குச் சாமியாரிடம் போனாள். வில்பிரட் சாமி நல்ல மனுஷர். பெரிய ஏட்டை எடுத்துவந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் கோடு பிடித்துப் பார்த்தார். கஸ்பாரின் ஞானஸ்நானம் இருந்தது, அடக்கம் இருந்தது. கல்யாணம் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து ஏதும் இல்லாமல் தாள் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"சாமி, நீங்கதான கையப் பிடிச்சுக் கொடுத்திய?"

"எனக்கும் அப்படித்தான் ஞாபகம்," என்றார் சாமி. ஏட்டை மூடினார். "ஆனா எழுத்துல இருக்கதுதானம்மா சாட்சி."

அதற்குள் புத்தகம் ஓட ஆரம்பித்திருந்தது. சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கி, முன்னறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்து, ஜன்னல் கம்பியைத் தொட்டுப் பார்த்தார்கள். தெருமுனை டீக்கடையில் புதிதாக இரண்டு பெஞ்சு போட்டார்கள். வீட்டைக் காட்டுவதற்கு அம்புக்குறி வரைந்து பலகை வைத்தார்கள். தெருக்காரர்கள் வந்தவர்களுக்குக் கதை சொன்னார்கள், கேட்கிறவர்கள் என்ன கேட்க ஆசைப்பட்டார்களோ அதைச் சொன்னார்கள், சொல்லச் சொல்ல அதுவே அவர்களுக்கும் ஞாபகமாயிற்று. ஒருநாள் மீன் கழுவிக்கொண்டே ரோஸ்லி, "கஸ்பார் அண்ணாச்சி பாவம், ஒத்தையில கெடந்து செத்தாவ," என்றாள். சொல்லிவிட்டு நிமிர்ந்து பெர்பெத்தாவைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண், காலேஜில் பாடம் நடத்துகிறவளாம், முன்னறையில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரோரமாக நின்ற பெர்பெத்தாவைப் பார்த்தாள்.

"நீங்கதான் இந்த அறையக் கூட்டிப் பெருக்குறவங்களா?"

"ஆமா. முப்பத்தொரு வருசமா."

"அப்ப அவரப் பாத்திருப்பீங்களே. எப்படி இருப்பார்?"

"பசி தாங்க மாட்டாவ," என்றாள் பெர்பெத்தா.

அந்தப் பெண்ணுக்கு அது புரியவில்லை. புத்தகத்தைத் திறந்து, தனக்குப் பிடித்த இடத்தை வாசித்துக் காட்டினாள். *மத்தியானம் என்பது யாரும் என்னைப் பேர்சொல்லிக் கூப்பிடாத ஒரு நேரம்.* மறுபடியும் அவளுக்குக் கண் கலங்கியது.

பெர்பெத்தாவுக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. "பேரச் சொல்லி நான் எப்படி கூப்பிட," என்றாள். "ஏங்க, சோறு போட்டாச்சு, வாங்கன்னு கூப்பிட்டேன். தினமும் கூப்பிட்டேன். செவிடாயிட்டாவளா?"

அந்தப் பெண் புத்தகத்தை மெதுவாக மூடிவிட்டு, பயந்தவள் போல எழுந்து போனாள். போகிற அவசரத்தில் புத்தகத்தை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பெர்பெத்தா எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டாமலே நன்றாக வாசிப்பாள். ரோஸ்லியின் அடுப்படியில் உட்கார்ந்து, ஐந்து நாளில் நானூறு பக்கத்தையும் வாசித்து முடித்தாள். வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். என் சட்டையில் யாருடைய வாசமும் இல்லை என்று ஓரிடத்தில் இருந்தது. கஞ்சி போட்டுத் தேய்ச்சது உங்க கம்பெனி மேனேஜரா என்றாள். என் இருமலைக் கேட்க இந்தச் சுவர்தான் உண்டு என்று ஓரிடத்தில் இருந்தது. துளசியும் மிளகும் தட்டிப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தது சுவரா என்றாள். ஐந்தாம் நாள் கடைசிப் பக்கத்தையும் மூடினாள். ஒரு இடத்தில்கூட அவள் இல்லை. திட்டுவதற்காகக்கூட இல்லை. ஒரு நாய் இருந்தது, கம்பெனி வாசலில் படுத்துக் கிடந்த சொறிநாய், அதற்கு இரண்டரைப் பக்கம் இருந்தது.

மறுநாள் காலையில் ரோஸ்லி கொடுத்த சேலையில், முதல் பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போனாள்.

நம்பிராசன் வீட்டு மாடி முழுக்க புத்தகம். அவர் மரியாதையாக வரவேற்று நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

"எங்க வீட்டுல காப்பி குடிச்சிய, ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா. சுக்குக் காப்பி."

"அது எங்கயிருந்து வந்துச்சு? ஜன்னல்லயிருந்தா?"

அவர் பெருமூச்சு விட்டார். "அம்மா, இது இலக்கியம். இதுல வர்ற 'நான்' அவர் இல்ல. அது ஒரு குரல். அந்தக் குரல் தனியா இருக்கு. நான் மூலத்துக்கு உண்மையா இருந்தேன், அவ்வளவுதான்."

"குரல் தனியா இருந்துட்டுப் போவட்டும். அடுக்களை எங்க?"

 படித்தவர், சும்மா இருக்க முடியாதல்லவா. போர்த்துக்கல் தேசத்தில், லிஸ்பன் பட்டணத்தில், சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒருவர் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டு, துண்டுத்தாள்களில் எழுதி எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுச் செத்துப்போனார், அவர் செத்துப் பல வருஷம் கழித்து அந்தத் தாள்களை அடுக்கி எடுத்துப் புத்தகமாக்கினார்கள், இன்றைக்கு உலகமே அதைக் கொண்டாடுகிறது, உங்கள் வீட்டுக்காரரும் அந்த வரிசையில் வந்துவிட்டார், நீங்கள் பெருமைப்பட வேண்டும் என்று விளக்கினார்.

பெர்பெத்தா பொறுமையாகக் கேட்டாள்.

"அவருக்கும் யாராவது சோறாக்கிப் போட்டிருப்பா," என்றாள். "அவளத் தேடிப் பாத்தியளா?"

 சமாதானமாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, நம்பிராசன் உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் பெட்டியைக் காட்டினார். தாள்களை எல்லாம் எண் போட்டு, தனித்தனியாகக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. பெர்பெத்தா ஒரு உறையை எடுத்தாள். கஸ்பாரின் பொடி எழுத்து, வலது பக்கம் சாய்ந்து, மழைச்சாரல் மாதிரி. அதற்குக் கீழே சீட்டில் பேராசிரியரின் எழுத்து: *பின்பக்கம்: பொருட்படுத்தத் தக்கதல்ல.* இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அதுவே. பத்து, இருபது எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பொருட்படுத்தத் தக்கதல்ல, பொருட்படுத்தத் தக்கதல்ல.

உறையைத் திருப்பினாள்.

*புளி. சீரகம். சின்ன உள்ளி. மண்ணெண்ணெய். உங்களுக்கு இருமல் மருந்து, மறக்காண்டாம்.*

அவளுடைய எழுத்து. காலையில் அவன் கம்பெனிக்குக் கிளம்பும்போது, சாயங்காலம் வாங்கிவர வேண்டியதை எழுதி அவன் சட்டைப்பையில் அவள் வைக்கிற சீட்டு. ஒரு நாளைக்கு ஒன்று. முப்பத்தொரு வருஷத்துக்குப் பதினோராயிரத்துச் சொச்சம். சாமானை வாங்கிவந்து போட்டுவிட்டு, சீட்டைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் எனக்கு யாருமில்லை என்று எழுதியிருக்கிறான்.

அவள் முகத்தைப் பார்த்து நம்பிராசன் பயந்துபோனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் இத இப்படி யோசிக்கலம்மா," என்றார். "ஆனா பாருங்க, வேற தாளா கிடைக்காது? உங்க கையெழுத்து இருக்கற தாளத் தேடி எழுதியிருக்கார். அது ஒரு வகையில அன்புதானே?"

"அன்பு இல்ல சார்," என்றாள் பெர்பெத்தா. "தாள்."

பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்ற அவரே ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. சட்டப்படி பெட்டி அவளுடையது, அதில் அவர் ஒன்றும் பேச முடியாது. ஏட்டில் அவள் பெயர் இல்லை என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் அன்றைக்கு அவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்த மாதம் கஸ்பாரின் வீட்டு வாசலில் கல்வெட்டு பதிக்க நாள் குறித்திருந்தார்கள். காலை பத்து மணி. தெருவில் பந்தல், நூறு நாற்காலி, மைக் செட். கல்லை வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். இந்த ஒற்றை அறையில் தன்னந்தனியாக வாழ்ந்து எழுதினார் என்று அதில் செதுக்கியிருப்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். நம்பிராசன் வந்திருந்தார். சாமி வந்திருந்தார். வெளியூர் ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். மைக்கைச் சரிபார்த்துவிட்டு ஆள் விலகியதும், பெர்பெத்தா வீட்டுக்குள்ளிருந்து பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மூடியைத் திறந்து மடி நிறையத் தாள்களை எடுத்துக்கொண்டு, மறுபடி மூடி அதன் மேலேயே உட்கார்ந்தாள். அவளைத் தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, கூட்டிப் பெருக்குகிறவள் ஏதோ சாமான் எடுக்க வந்திருக்கிறாள் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள்.

அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு பின்பக்கங்களை வாசிக்கத் தொடங்கினாள்.

புளி, சீரகம், சின்ன உள்ளி, மண்ணெண்ணெய் என்று வாசித்தாள். பச்சரிசி, வெல்லம், ஏலம், நாளைக்கு மாதா திருநாள் என்று வாசித்தாள். தேங்காய் ஒன்று, பார்த்து வாங்கணும், போன தடவை அழுகல் என்று வாசித்தாள். வெந்தயம், பனங்கற்கண்டு, ரோஸ்லி மகளுக்குக் காய்ச்சல் என்று வாசித்தாள். செருப்பு வார் தைக்கக் கொடுத்தது, திரும்ப வாங்கணும். விளக்குத் திரி. கடுகு. உங்கம்மாவுக்கு வெற்றிலை, அவுகளுக்குப் பல் இல்லை, கொழுந்தா வாங்குங்க. உப்பு. உப்பு. உப்பு, கம்பெனி உப்பு வேண்டாம், அதில் மண் இருக்கு. ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு, தாளைப் பெட்டியில் போடாமல் தரையில் வீசினாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, பிரார்த்தனை மாலை சொல்லுகிற மாதிரி ஒரே சீராக, ஆனால் அதற்குள் இருந்த கோபம் நாற்காலிக் கால் வழியாக எல்லாருக்கும் ஏறியது.

விழாக்குழுத் தலைவர் எழுந்துவந்து, "அம்மா, நேரமாவுது," என்றார்.

"முப்பத்தொரு வருசம் இருக்கு," என்றாள். "உக்காருங்க."

தெருவை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "அந்தச் சுவர அவிய மட்டும் எழுப்பல. நீங்க எல்லாரும்தான் செங்கல் எடுத்துக் கொடுத்திய."

நடுவரிசையிலிருந்து ரோஸ்லி எழுந்தாள். எம் மவளுக்கு அந்த வெந்தயக் கஞ்சி காய்ச்சுனது மயினிதான், அந்த அடுக்களையில உக்காந்துதான் அவ குடிச்சா, எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் மறந்தேன் என்று சொல்லிவிட்டு அழுதாள். கொத்தனார் எழுந்து, அந்த அடுக்களைத் தரைக்குச் சிமெண்டு பூசினது நான்தான் என்றார், வெட்கத்தோடு. கிட்டங்கிக்காரர், அந்தப் பக்கம் எனக்கும் அந்த வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கை நின்றது, இலை உதிர்ந்து என் வலையில் விழும், சண்டை போட்டிருக்கிறேன் என்றார். வில்பிரட் சாமி எல்லாருக்கும் கடைசியில் எழுந்தார். நான்தான் கையைப் பிடித்துக் கொடுத்தேன், ஏட்டில் என்ன இருந்தாலும் சரி, என்றார்.

மத்தியானம் ஒரு மணி வரைக்கும் வாசித்தாள். தொண்டை கட்டிவிட்டது. ரோஸ்லி வாங்கி வாசித்தாள், பிறகு கொத்தனாரின் மருமகள் வாசித்தாள். கடைசியில் நம்பிராசனே வந்து மைக்கின் முன்னால் நின்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்காய், மல்லித்தழை, அப்பளம் என்று வாசித்தார். வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பெர்பெத்தா தண்ணீர் குடிப்பதற்காக எழுந்து வீட்டுக்குள் போனாள். முன்னறையைக் கடந்தாள், நிலையைத் தாண்டினாள், பானையில் மொண்டு குடித்தாள். குடித்து முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தாள். வெளியே யாரும் அதைப் பார்க்க ஓடிவரவில்லை. அடுக்களை இருக்கிற வீடுதானே என்று வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

கல்வெட்டைத் துணியோடு எடுத்துப்போய்விட்டார்கள். சிலிண்டர்க்காரன் வந்தான். வரிக்காரர் மறுபடி அளந்தார். கோயில் ஏட்டில் எழுத்து தானாக வரவில்லை, சாமியே பேனா எடுத்து எழுதினார். நம்பிராசன் மூன்று தடவை வந்து பேசினார். அவளுடைய பக்கங்களைப் பின்னிணைப்பாகப் போடலாம் என்றார் முதல் தடவை. பின்னால என்ற பேச்சே வேண்டாம், எதிரும் புதிருமா போடணும், இடது பக்கம் நான், வலது பக்கம் அவிய, என்றாள். அப்படிப் போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்றார் இரண்டாம் தடவை. வாங்காண்டாம் என்றாள். மூன்றாம் தடவை சரி என்றார். அந்தப் பதிப்பு வந்தபோது, தனிமையைக் கெடுத்துவிட்டாள் என்று சிலர் எழுதினார்கள். ஒரு பக்கம் படித்தால் மறுபக்கம் கண்ணில் படுகிறது, தாங்க முடியவில்லை என்று சிலர் எழுதினார்கள். அந்தக் காலேஜ்காரப் பெண் ஒரு கடிதம் போட்டாள், மன்னிப்புக் கேட்டு. பெர்பெத்தா அதற்குப் பதில் போடவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். தெருவே மண்வெட்டியும் பூவும் மெழுகுதிரியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிற்று. பெர்பெத்தாவும் போனாள். கஸ்பார் செத்த பிறகு இரண்டு திருநாளிலும் வந்து, புல் செதுக்கி, மெழுகுதிரி கொளுத்தி, ஜெபம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். இந்தத் தடவை வெறுங்கையோடு வந்தாள். புல் முழங்கால் உயரம் நின்றது. செதுக்கவில்லை. பக்கத்துக் கல்லறையில் மஞ்சள் செவ்வந்தி மாலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவளுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனார்கள்.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாத்தையும் படிச்சேன்," என்றாள். "ரெண்டு தடவை படிச்சேன். அந்த மழை பெய்யறது ஒண்ணு எழுதியிருக்கிய. கம்பெனி மாடியில இருந்து உப்பளத்துல மழை விழறத. அந்த நாய எழுதியிருக்கிய."

காற்றில் பக்கத்துக் கல்லறை மெழுகுதிரி அணைந்தது. யாரோ மறுபடி கொளுத்தினார்கள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிய," என்றாள் பெர்பெத்தா. "அந்த மழைய ரெண்டாவது தடவை படிக்கும்போது அழுதேன். என்னையும் அப்படி ஒரு தடவ பாத்திருந்தா எப்படி எழுதியிருப்பியன்னு நெனச்சேன். பாக்கல. பாக்கத் தெரியாதவராயிருந்தா விட்டிருப்பேன். உங்களுக்குப் பாக்கத் தெரிஞ்சிருக்கு."

இன்னும் சொல்ல இருந்தது. ஆனால் வெயில் ஏறிவிட்டது, கரைவலைக்காரர்கள் இந்நேரம் வலை இழுத்து முடித்திருப்பார்கள், நல்ல மீன் எல்லாம் போய்விடும். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, கோபம் கொஞ்சமும் ஆறாமல், கடற்கரைக்கு மீன் வாங்கப் போனாள்.